வெள்ளைக்கார பசங்க படிப்பு கெட்டுச்சா?

"1954 தீர்ப்புக்கப்புறம் அமெரிக்காவுல கறுப்பின, வெள்ளையின பிள்ளைங்கள ஒண்ணா உக்கார வச்சாங்க, வெள்ளை பசங்க படிப்பு கெட்டதுதான் மிச்சம்"னு ஒரு ஃபார்வர்ட் சுத்துது. சுத்தப் பொய்ங்க.

1954-ல இனம் பார்த்து ஸ்கூலப் பிரிக்கறது செல்லாதுன்னு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னப்புறமும் ஒண்ணும் உடனே கலந்துடல. 1957-ல லிட்டில் ராக்ங்கற ஊர்ல, வெள்ளையர் ஸ்கூல்ல சேரப் போன ஒம்பது கறுப்பின பிள்ளைங்கள்ல ஒருத்தியான 15 வயசு எலிசபெத் எக்ஃபோர்டு, வீட்டுல ஃபோன் இல்லாததால மத்த எட்டு பேரோட சேர்ந்து போகணும்ங்கற தகவலே வராம, கத்துற கும்பலுக்கு நடுவுல தனியா நடந்துச்சு, உள்ள விடல, பஸ் ஸ்டாப் பெஞ்ச்ல போய் உக்காந்துச்சு பாவம். நிஜமா கலந்தது 1964 சிவில் உரிமைச் சட்டத்துக்கு அப்புறம்தான். தேசிய வாசிப்புத் தேர்வுல 17 வயசு வெள்ளை, கறுப்பின பசங்க மார்க் இடைவெளி 1971-ல 53 பாயின்ட், 1988-ல 20 (ஸ்கூல் மட்டுமே காரணம்னு சொல்லல). வெள்ளை பசங்க மார்க் இறங்கவே இல்ல. பொருளாதார ஆய்வாளர் ரக்கர் ஜான்சன் ஆய்வும் அதேதான்: கலந்து படிச்ச கறுப்பின பிள்ளைங்க பின்னாடி அதிகம் படிச்சு அதிகம் சம்பாதிச்சாங்க, வெள்ளையருக்கு நஷ்டமில்ல. ஆனா ஒரே கிளாஸ்ல போட்டதும் ஃப்ரெண்ட்ஷிப் வந்துடாது, கேன்டீன்ல தனித்தனி டேபிள்னா என்ன பிரயோஜனம்?