பேப்பர் படிக்கிற அப்பா

பெங்களூரில் நம்மவர்கள் நடத்தும் விழாக்களில் குழந்தைகள் நாடகம் என்றால், திரை விலகியதும் என்ன வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். அப்பா பேப்பர் படிப்பார். அம்மா காபி கொண்டு வருவார். ஒரு பையன், ஒரு பெண். பாட்டி இருந்தால் இருமுவார்.

போன மே மாதம் அல்சூர் பக்கம் ஒரு சம்மர் கேம்பில் ஒத்திகை பார்த்தேன். சொல்லிக்கொடுக்கிற பெண் வசனம் எதுவும் எழுதித் தரவில்லை. "உங்க வீட்டுல காலையில என்ன நடக்கும்? செஞ்சு காட்டுங்க" என்றார், அவ்வளவுதான். ஒருத்தி சித்தியாக மாறி, ஒரு கையால் பல் தேய்த்துக்கொண்டே மறு கையால் தோசை திருப்பினாள். ஒரு பையன் தாத்தாவாகி, மூடாத டிபன் பாக்ஸைத் தொடையில் வைத்து அழுத்தினான். இன்னொருத்தன் கற்பனைப் போனை நிமிர்த்திப் பிடித்து, துபாயில் இருக்கும் அப்பாவுக்கு யூனிஃபார்ம் காட்டினான். பேப்பர் படிக்கிற அப்பா ஒருவர்கூட வரவில்லை.

இந்த வீடுகளும் மேடைக்கு வரட்டும் என்றால், உடனே 'விழிப்புணர்வு நாடகம்' போடக் கிளம்பிவிடாதீர்கள். அதில் அப்பா இல்லாத பிள்ளை அழும், பின்னணியில் வயலினும் அழும், கடைசியில் எல்லோரும் கட்டிப்பிடிப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்து கீழே உட்கார்ந்திருக்கிற பிள்ளை முகத்தை எங்கே வைத்துக்கொள்ளும்? கதை காணாமல் போன பூனையைப் பற்றியதாக இருக்கட்டும். தேடுகிற பெண்ணுக்கு வீட்டில் இரண்டு அம்மாக்கள் இருக்கட்டும், அல்லது அவளைத் தத்தெடுத்து வளர்க்கிற திருநங்கை அம்மா. யாரும் விளக்க வேண்டாம். பார்க்கிற பிள்ளைகளுக்குப் பூனை கிடைத்ததா என்பதுதான் கவலை.

இதை டிவியிலும் காட்டலாமே என்றால், காட்டலாம். ஆனால் நாடகத்தில்தான் பக்கத்து வீட்டுப் பையன் அந்தச் சித்தியாக நடிக்க வேண்டிவரும், தோசை தீய்ந்தால் திட்டும் வாங்க வேண்டிவரும்.

"சின்னப் பிள்ளைகளிடம் இதெல்லாம் எதற்கு?" என்பார்கள். மணமாகாத தாய், குழந்தையின் தந்தை யாரென்று சொல்லாமலே காப்பாளராகலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022இல் தீபிகா சிங் வழக்கில், மணம் செய்யாத இணையரும் தன்பால் இணையரும் சேர்ந்து வாழ்வதும் குடும்பமாக இருக்கலாம் என்று அதே நீதிமன்றம் எழுதியது. (2023இல் தன்பால் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தர மறுத்ததும் அதே நீதிமன்றம்தான், தெரியும்.) நம் மேடையில் மட்டும் இன்னும் அந்தக் காபி டம்ளர்.

இந்த ஊரில் குழந்தைகள் நாடகத்துக்குப் பஞ்சமில்லை. ஜே.பி. நகர் ரங்க சங்கரா நாடக அரங்கில் 2006 முதலே குழந்தைகள் நாடகங்களை 'ஆஹா' என்று தனியாக நடத்துகிறார்கள். விழாக் குழுவினர் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

அப்புறம், தீபாவளி நிகழ்ச்சிக்கு ஸ்கிரிப்ட் இன்னும் முடிவாகவில்லை என்று கேள்வி. பூனைக் கதையை நானே எழுதித் தருகிறேன். அழைப்பிதழில் மட்டும் 'தாய் தந்தையர் இருவரும் வருக' என்பதை எடுத்துவிட்டு, 'வீட்டிலிருந்து யார் வந்தாலும் வருக' என்று போடுங்கள்.