ஒரு நீடிலுக்காகப் புனலூர் வரை

செங்கோட்டையில் பழைய கார்புரேட்டர் ஆட்டோ வைத்திருப்பவருக்கு, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தைத் திறந்து அடைக்கும் ப்ளோட் நீடில் என்ற குட்டி ஊசி ஒன்று தேய்ந்தால்கூட, தென்காசிக் கடைகளில் “அந்த மாடலுக்கு இப்ப வாரதில்ல அண்ணாச்சி” என்ற பதிலைக் கேட்டுவிட்டு, ஆரியங்காவு தாண்டிக் கேரளத்துப் புனலூர் வரை பஸ் ஏறித் தேட வேண்டிய தலையெழுத்தாகிவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்து, புதிய பெட்ரோல் ஆட்டோக்கள் கார்புரேட்டரை விட்டு இன்ஜெக்‌ஷனுக்கு மாறிய பிறகு, பழைய சாமானை வாங்கி அடுக்கக் கடைக்காரர்களுக்கும் மனம் வருவதில்லை. கிடைக்கிற டூப்ளிகேட்டோ சில மாதங்களிலேயே நுனியில் பள்ளம் விழுந்து, பெட்ரோல் வழிந்து சொட்ட, ஏறுகிற சவாரியெல்லாம் மூக்கைப் பொத்துகிறது. 8 ஆண்டு கடந்த வண்டிக்கு வருடந்தோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று கேட்கிறவர்கள் (கட்டணம் மட்டும் தவறுவதில்லை), உதிரிபாகம் எங்கே என்று விற்றவர்களைக் கேட்பதாகத் தெரியவில்லை. சவாரியை விட்டுப் புனலூர் போனாலும், அங்கும் “அடுத்த ஆழ்ச்ச நோக்காம்” (அடுத்த வாரம் பார்க்கலாம்) என்றால் என்னதான் செய்வது?