வலிக்குப் பிறந்த தேதி கேட்கிறார்கள்

கழுத்து வலிக்காக நான் முதன்முதலில் மருத்துவரைப் பார்த்த சீட்டை அனுப்ப வேண்டும் என்று இன்சூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து இன்று காலையும் மின்னஞ்சல் வந்திருக்கிறது. இது ஐந்தாவது முறை. அப்படியொரு சீட்டே கிடையாது என்று நான்கு முறை எழுதியாகிவிட்டது. மணலைக் கயிறாகத் திரித்துத் தரச் சொல்லியிருந்தால்கூட முயன்று பார்த்திருப்பேன், இல்லாத சீட்டை எந்த மருந்துக்கடைப் பையிலிருந்து எடுப்பது?

எல்லாம் ஒரே ஒரு வாக்கியத்தால் வந்த வினை. வலக்கை விரல்கள் மரத்துப்போய், காபி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல், ஒரு விடியற்காலையில் மருத்துவமனையில் சேர்ந்தேன். இரவுப் பணி முடியும் தறுவாயில் இருந்த டியூட்டி டாக்டர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "எத்தனை வருஷமா கழுத்து வலி?" என்று கேட்டார். "அது இருக்கும் டாக்டர், ஒரு அஞ்சு வருஷமா, அப்பப்ப" என்றேன். கேஸ் ஷீட்டில் ஏறியது, "கழுத்து வலி, 5 ஆண்டுகள்" என்பது மட்டுமே. 'அது இருக்கும்' போயிற்று, 'ஒரு' போயிற்று, 'அப்பப்ப' இருந்த சுவடே தெரியவில்லை. நம் ஊரில் 'ஒரு அஞ்சு' என்பது என்றைக்கு ஐயா எண்ணாக இருந்தது? 'ஒரு பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறேன்' என்ற பிளம்பரைப் பத்தாவது நிமிடத்தில் வாசலில் கண்டவர் எவரேனும் உண்டா? அவருக்கு நாம் காட்டும் பெருந்தன்மையில் கால்பங்கு எனக்குக் கிடைத்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலையிருந்திருக்காது. அந்த நேரத்தில் என் மனத்தில் இருந்தது, இரவுப் பேருந்தில் கழுத்தைக் கோணலாக வைத்துத் தூங்கி, மறுநாள் தைலம் தேய்த்து, மூன்றாம் நாள் மறந்தே போன ஒரு பிடிப்பு.

அந்த ஒற்றை வரியை வைத்து இன்சூரன்ஸ் நிறுவனம் போட்ட கணக்கு இதுதான்: பாலிசிக்கு வயது நான்கு, வலிக்கு வயது ஐந்து, ஆகவே வலி மூத்தது, மூத்ததை மறைத்துவைத்து இளையதை வாங்கிய மோசடிக்காரன் நான். ஏற்கெனவே இருந்த நோய் என்றே வைத்துக்கொண்டாலும் அதற்குப் பணம் தராமல் காக்கவைக்கும் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதங்கள்தான், அதை எப்போதோ தாண்டிவிட்டேன். அதனால்தான் 'மறைத்தீர்கள்' என்ற ஆயுதம் வெளியே வந்தது. 60 மாதங்கள் இடைவிடாமல் ப்ரீமியம் கட்டியிருந்தால் மோசடியை நிரூபிக்காமல் அதையும் சொல்ல முடியாது. எனக்கோ 50 மாதங்கள்தான் ஆகியிருந்தன. விரல்கள் மரத்ததற்குக் காரணம், கழுத்தில் எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கியது. பிதுங்குவதற்கு நாள் பார்க்கத் தெரியாத டிஸ்க்கை வளர்த்தது என் குற்றம்.

விதி என்ன சொல்கிறது என்றால், பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் ஒரு மருத்துவர் கண்டறிந்திருந்தாலோ, ஆலோசனையோ சிகிச்சையோ அளித்திருந்தாலோதான் அது ஏற்கெனவே இருந்த நோய். தைலக் குப்பி மருத்துவர் ஆகாது. இதை எழுதியபோது, 'அப்படியானால் முதல் ஆலோசனைச் சீட்டைத் தாருங்கள்' என்றே பதில் வந்தது. சீட்டு இருந்தால் நோய் பழையதென்று ஆகும். இல்லாவிட்டால் நான் ஒளித்துவைத்தேன் என்று ஆகும்.

கேஷ்லெஸ் கோரிக்கையை, அதாவது மருத்துவமனைக்கு நிறுவனமே நேரடியாகப் பணம் கட்டச் சொல்லும் கோரிக்கையை, ஒரு மணி நேரத்துக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. நிறுவனமும் அதை மதித்து ஒரு மணி நேரத்துக்குள் ஒரு கேள்வியை அனுப்பியது. கேள்வி வந்துவிட்டால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும் என்று மருத்துவமனை இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த பெண் விளக்கினார். அடுத்த கேள்வி, பிதுங்கிய டிஸ்க்கை எடுத்துவிட்டுச் செயற்கை டிஸ்க்கை ஏன் வைக்க வேண்டும், எலும்புகளை இணைத்துவிட்டால் போதாதா, இது நிரூபிக்கப்படாத சிகிச்சை அல்லவா என்பது. இடுப்புக்கான செயற்கை டிஸ்க்குக்கு அமெரிக்காவில் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் எஃப்.டி.ஏ. 2004இலும் கழுத்துக்கானதற்கு 2007இலும் அனுமதி வழங்கிவிட்டது. இன்னும் எத்தனை ஆண்டுகள் நிரூபித்தால் போதும் என்பதையும் பாலிசியில் அச்சிட்டிருக்கலாம். இரண்டு எலும்புகளை இணைத்தால் அந்த இடத்தில் அசைவு நின்றுபோய், மேலும் கீழும் உள்ள டிஸ்க்குகள் அந்தச் சுமையை வாங்கிக்கொள்ளும் என்பதால்தான் 41 வயதுக்காரனுக்கு மாற்றுவதே நல்லது என்று அறுவை சிகிச்சை நிபுணர் சொன்னார். ஆனால் ப்ரீமியம் கட்டுவதற்குக் கழுத்து திரும்ப வேண்டிய அவசியமில்லை என்பது நிறுவனத்தின் பார்வையாக இருக்கலாம்.

மாலையில் கேஷ்லெஸ் மறுக்கப்பட்டது. இதைச் சிகிச்சை மறுப்பாகக் கருத வேண்டாம், பணம் கட்டிவிட்டுப் பிறகு விண்ணப்பிக்கலாம் என்ற கனிவான குறிப்பும் உடன் வந்தது. மனைவியின் வளையல்களும் சங்கிலியும் நகைக்கடனுக்குப் போயின. 5,40,000 ரூபாய் கட்டினோம். கழுத்து இப்போது நன்றாகத் திரும்புகிறது, வங்கி இருக்கும் திசையில் மட்டும் திருப்புவதில்லை.

பணத்தைத் திரும்பக் கேட்டதிலிருந்து தொடங்கியதுதான் இந்தச் சீட்டு வேட்டை. மறுப்பதென்றால் க்ளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் வேண்டும், ஆகவே மறுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள், கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போவதென்றாலும், முதலில் இதே நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, பதில் வராவிட்டால் ஒரு மாதம் பொறுத்திருக்க வேண்டும்.

அந்தப் புகாரைப் பதிவு செய்யத்தான் இன்று மதியம் நிறுவனத்தின் கால் சென்டரை அழைத்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட அங்கிருந்த இளைஞர் கடைசியில் குரலைத் தாழ்த்தி, "சார், அந்த சர்ஜன் பேர் கிடைக்குமா? நாள் முழுக்க ஹெட்செட் மாட்டி எனக்கும் கழுத்து வலிதான்" என்றார். கோபமெல்லாம் வடிந்து, "எத்தனை வருஷமா தம்பி?" என்று கேட்டேன்.

சிறிது நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, "சார், இந்தக் கால் ரெக்கார்ட் ஆகுது" என்றார்.