உல்டிமோ டிராகனைப் பெல்ட்டுகளால் அளக்காதீர்கள்

தொழில்முறை மல்யுத்தம் பற்றிய பேச்சில் உல்டிமோ டிராகன் என்ற பெயர் வந்தால் இரண்டு விஷயங்கள்தான் நினைவுகூரப்படுகின்றன. ஒன்று, 1996 இறுதியில் எடுக்கப்பட்ட அந்தப் புகைப்படம்: உடம்பெல்லாம் பெல்ட்டுகள், ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் பத்துப் பட்டங்கள். மற்றொன்று, 2004 மார்ச்சில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த, அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுவனத்தின் பெரிய விழாவான ரெஸில்மேனியாவில், அரங்குக்குள் நுழையும்போது அவர் கால் வழுக்கிய அந்தச் சில நொடிகள். முதலாவதைச் சொல்பவர்கள் வியக்கிறார்கள், இரண்டாவதைச் சொல்பவர்கள் சிரிக்கிறார்கள். இரு தரப்பினரும் பேசுவது அந்த மனிதரின் வாழ்க்கையில் மிகச் சிறிய பகுதியைப் பற்றித்தான். உல்டிமோ டிராகனின் இயற்பெயர் யோஷிஹிரோ அசாய். ஜப்பானில் பிறந்தவர், மெக்சிகோவில் வீரரானவர். மெக்சிகோ நகரத்தை ஒட்டிய நவுகல்பானில் 1997இல் அவர் தொடங்கிய பயிற்சிப் பள்ளிக்கு முன்னால் அந்தப் பத்துப் பெல்ட்டுகளும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

அசாய் 1966 டிசம்பரில் நகோயாவில் பிறந்தார். அன்டோனியோ இனோகி 1972இல் நிறுவிய நியூ ஜப்பான் மல்யுத்த நிறுவனத்தில் சேர வேண்டும் என்பது அவர் ஆசை. அங்கே பயிற்சியும் பெற்றார். ஆனால் 180 செ.மீ. உயரத்தை எதிர்பார்த்த இடத்தில் அவர் 172 செ.மீ. உயரத்துடன் நின்றார். சிறிய உடம்பு என்று ஒதுக்கப்பட்டார். 1987இல் மெக்சிகோவுக்குப் புறப்பட்டுப் போனார்; தன் முதல் போட்டியை அங்கேதான் ஆடினார்.

இதே வழியில் அவருக்குச் சில ஆண்டுகள் முன்பே இன்னொருவர் போயிருந்தார். கெய்ச்சி யமாடா. அவரையும் உயரம் போதவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மெக்சிகோவுக்குப் போய்ச் சரியாகச் சாப்பாடுகூட இல்லாமல் பயிற்சி செய்துகொண்டிருந்தவரை, அங்கே வந்த நியூ ஜப்பான்காரர்கள் பார்த்து இரக்கப்பட்டு ஜப்பானுக்கு அழைத்துப் போனார்கள். அவர்தான் பின்னாளில் முகமூடி அணிந்து ஜூஷின் லைகர் ஆனார். ஒருவர் முழுப் பட்டினியின் எல்லைக்கு வந்த பிறகுதான் அவருடைய திறமை கண்ணில் படுகிறது என்றால், கோளாறு அளவுகோலில் இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

மெக்சிகோவின் மல்யுத்த வடிவமான லூச்சா லிப்ரே உயரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட்டதில்லை. 1933இல் சல்வடோர் லுத்தெரோத் அதை ஒரு நிறுவனமாக்கிய காலத்திலிருந்தே அங்கே எடைப் பிரிவுகளுக்கு மதிப்பு உண்டு. வெல்டர்வெயிட், மிடில்வெயிட் பட்டங்களுக்காக நடக்கும் போட்டிகள் அங்கே அரங்கை நிரப்பும். எல் சாண்டோ ஒரு நாட்டின் நாயகன் என்று சொல்லத்தக்கவர். அவரும் பெரிய உருவம் கொண்டவர் அல்லர். நல்லவர் அணி, கெட்டவர் அணி என்ற பிரிவு, முகமூடிக்கு இருக்கும் மரியாதை, மூன்றில் இரண்டு சுற்றுகளை வென்றால் வெற்றி என்ற கணக்கு, மூவர் மூவராக மோதும் அணிப் போட்டிகள் எல்லாம் சேர்ந்து அது தனி உலகம். அங்கே பிடிகளை எதிராளியின் வலது பக்கத்தில் போடுவார்கள்; ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இடது பக்கம். வெளியிலிருந்து வரும் வீரருக்கு இது வலக்கைக்காரர் இடக்கையால் எழுதப் பழகுவது போன்ற வேலை. போதாக்குறைக்கு, மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் வாரங்களில் மூச்சு வாங்கியே ஆள் களைத்துவிடுவார்.

அசாய்க்கு முன்னோடி ஒருவர் அங்கே ஏற்கெனவே இருந்தார். கிரான் ஹமாடா. நியூ ஜப்பானிலிருந்து 1970களின் நடுவில் மெக்சிகோவுக்குப் போன அவர் அங்கேயே குடும்பம் அமைத்துக்கொண்டு, பட்டங்கள் வென்று, அந்த மண்ணின் வீரராகவே ஏற்கப்பட்டார். அவருடைய மகள்களும் மல்யுத்தத்திற்கு வந்தார்கள். சதோரு சயாமாவும் மெக்சிகோவில் ஆடித் தேறி, பிறகு இங்கிலாந்து போய், 1981 ஏப்ரலில் டைகர் மாஸ்க் என்ற பெயரில் டோக்கியோவில் இறங்கி எல்லாரையும் வாய் பிளக்க வைத்தார். ஜப்பானின் குறைந்த எடைப் பிரிவு மல்யுத்தம் என்று நாம் இன்று கொண்டாடுவதில் மெக்சிகோவின் பங்கை யாரும் போதிய அளவு சொல்வதில்லை.

1975இல் பிறந்த யூ.டபிள்யூ.ஏ. என்ற மெக்சிகோ மல்யுத்த நிறுவனத்தில்தான் அசாய் வளர்ந்தார். அந்த நிறுவனத்தின் தலைமை அரங்கம் எல் டொரேயோ. காளைச் சண்டைக்காகக் கட்டப்பட்டது, நவுகல்பானில் இருந்தது. இந்த ஊர்ப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வெல்டர்வெயிட் பட்டம் வென்று பெயர் வாங்கிய அசாய், 1990இல் ஹமாடா ஜப்பானில் லூச்சாவைக் கொண்டுவரத் தொடங்கிய நிறுவனத்தின் முக்கிய வீரராக டோக்கியோவின் கொராக்குவென் அரங்கில் இறங்கினார். உயரம் போதாது என்று ஒதுக்கிய ஊரில், மெக்சிகோவில் கற்ற வித்தையோடு திரும்பி நின்றார். 1991இல் மெக்சிகோவின் மூத்த நிறுவனமான சி.எம்.எல்.எல்.க்கு மாறியபோது முகமூடி வந்தது, உல்டிமோ டிராகன் என்ற பெயர் வந்தது, புரூஸ் லீயின் கடைசிச் சீடர் என்ற கதையும் கூடவே வந்தது.

மேடையின் வெளி ஓரத்தில் நின்று, கயிற்றின் மேல் தாவி ஏறி, அதே வேகத்தில் பின்னோக்கிக் குட்டிக்கரணம் அடித்துக் கீழே தரையில் நிற்பவர் மேல் விழும் தாவல் ஒன்று உண்டு. இன்று உலகெங்கும் இளம் வீரர்கள் அதைச் செய்கிறார்கள். அதற்கு அசாய் மூன்சால்ட் என்றே பெயர். தன் இயற்பெயர் ஒரு தாவலில் நிலைத்துவிட்ட வீரர்கள் மிகச் சிலரே.

பெல்ட்டுகளைப் பற்றிச் சுருக்கமாக. ஜப்பானின் கிரேட் சசுகே 1996 ஆகஸ்டில் எட்டுக் குறைந்த எடைப் பட்டங்களை ஒன்றாக்கி ஜே-கிரவுன் என்று வென்றார். அக்டோபரில் டிராகன் அவரிடமிருந்து அதைப் பறித்தார். கையில் ஏற்கெனவே மெக்சிகோவின் மிடில்வெயிட் பட்டம் இருந்தது. டிசம்பர் 29 அன்று அமெரிக்காவின் நாஷ்வில்லில் டீன் மலெங்கோவை வென்று, டபிள்யூ.சி.டபிள்யூ. என்ற அமெரிக்க நிறுவனத்தின் குரூசர்வெயிட் பட்டத்தையும் சேர்த்தபோது கணக்கு பத்தானது. நம்மில் பலருக்கு ரே மிஸ்டீரியோவைத் தொலைக்காட்சியில் பார்த்த பழக்கம் உண்டு. அதே ரே மிஸ்டீரியோவை நவம்பரில் தோற்கடித்துத்தான் அந்த எட்டுப் பட்டங்களையும் டிராகன் காத்துக்கொண்டார். ஆனால் பத்து என்ற எண்ணிக்கை ஒரு வாரம்கூட நிற்கவில்லை. 1997 ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் எட்டையும் அவர் இழந்தார். யாரிடம்? ஜூஷின் லைகரிடம். உயரம் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு மெக்சிகோவில் தஞ்சம் புகுந்த இருவர், ஜப்பானின் மிகப் பெரிய அரங்கங்களில் ஒன்றில், அந்த எடைப் பிரிவின் எட்டுப் பட்டங்களையும் நடுவில் வைத்து மோதிக்கொண்டார்கள். பத்துப் பெல்ட் புகைப்படத்தைப் பகிர்பவர்கள் இந்தப் போட்டியைப் பற்றி ஒரு வரியாவது சேர்த்து எழுத வேண்டும் என்று வேண்டுகிறேன்.

அந்த ஆண்டு மே மாதம் நவுகல்பானில் அசாய் தொடங்கிய டொர்யுமோன் பள்ளியின் முதல் மாணவர்கள் மேடையேறினார்கள். அவர் அப்போது அமெரிக்கத் தொலைக்காட்சியில் வாரந்தோறும் தோன்றிய நட்சத்திரம். வயது முப்பது. உச்சியில் இருக்கும் வீரர் தன்னைப் பற்றி மட்டுமே நினைத்தாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை. இவரோ, ஜப்பானின் பெரிய நிறுவனங்களில் இடம் கிடைக்காத பையன்களை மெக்சிகோவுக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார். ஸ்கைடே போன்ற மெக்சிகோ வீரர்களை ஆசிரியர்களாக வைத்தார். மாணவர்கள் உள்ளூர் அரேனா நவுகல்பானில், மெக்சிகோ ரசிகர்களின் கூச்சலுக்கு நடுவில் ஆடிப் பழகினார்கள். சீமா, மேக்னம் டோக்கியோ, டிராகன் கிட் என்று வரிசையாக வந்தார்கள். 1999 ஜனவரியில் அவர்கள் ஜப்பானுக்கே போய்த் தனி நிகழ்ச்சிகள் நடத்தத் தொடங்கினார்கள். அடுத்த அணியினருக்குப் பறக்கும் வித்தையைவிட மெக்சிகோவின் பழைய பூட்டுப்பிடிகளை அதிகமாகக் கற்றுக்கொடுத்து, அறுகோண மேடையில் இறக்கினார். ஒரே பாணியை அச்செடுத்துத் தள்ளாமல், ஒவ்வொரு அணிக்கும் ஒரு முகம் கொடுத்த ஆசிரியர் அவர்.

இதற்கு நடுவில் 1998இல் அவருடைய முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது. அது பிசகி நரம்பு பாதிக்கப்பட்டது. கை சரியாக இயங்கவில்லை. ஆட்டத்திலிருந்து ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் விலகியிருந்தார். முப்பத்தொரு வயதில், தன் வித்தையின் உச்சத்தில், உடம்பு கைவிட்டது. மேடையில் அவர் இல்லாத அந்த ஆண்டுகளில்தான் பள்ளி வளர்ந்தது. 2002இல் அவர் திரும்பி வந்தபோது பழைய வேகம் இல்லை என்பதை ரசிகர்கள் குறையாகச் சொன்னார்கள். டபிள்யூ.டபிள்யூ.இ.க்கு 2003இல் அவர் போனது, மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரு முறையாவது ஆட வேண்டும் என்ற ஆசையால். அந்த ஆசை நிறைவேறிய இரவில் கால் வழுக்கியது. அந்தத் துண்டுக் காணொளியை இன்னும் சிரிப்புக்காகச் சுற்றவிடுகிறார்கள். நரம்பு பழுதான கையோடு அந்த மேடை வரை வந்த ஒருவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

2004 ஜூலையில் இன்னொரு இழப்பு. ஜப்பானில் இருந்த மாணவர்களும் அவரும் பிரிந்தார்கள். டொர்யுமோன் என்ற பெயரை அவர் எடுத்துக்கொண்டு விலக, மாணவர்கள் டிராகன் கேட் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். இந்தப் பிரிவில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. தான் வளர்த்தவர்கள் தன்னை விட்டுத் தனியாக நிற்கும் அளவுக்கு வளர்ந்திருந்தார்கள் என்பது மட்டும் தெரிகிறது. 2019 ஜூலையில் கோபே நகரில் டிராகன் கேட்டின் பெரிய விழாவுக்கு அவர் திரும்பி வந்தார். நடுவில் 15 ஆண்டுகள் போயிருந்தன.

பிரிவுக்குப் பிறகு அவர் மெக்சிகோவில் பள்ளியைத் தொடர்ந்தார் என்பதுதான் முக்கியம். பிரிவு நடந்த அடுத்த மாதமே, ஆகஸ்டில், 16 வயதுப் பையன் ஒருவன் மெக்சிகோவில் தன் முதல் போட்டியை ஆடினான். டிராகன் பிறந்த அதே ஐச்சி மாநிலத்துப் பையன். நடுநிலைப் பள்ளியை முடித்துவிட்டு மல்யுத்தம் கற்க வந்தவன். பெயர் கசுச்சிகா ஒகாடா. 2007இல் நியூ ஜப்பானுக்குப் போய், அங்கே மறுபடியும் கடைநிலைப் பயிற்சி மாணவராகத் தொடங்கி, 2012இல் தலைமைப் பட்டம் வென்று, 2016 முதல் 2018 வரை 720 நாட்கள் தொடர்ந்து அதை வைத்திருந்தவர். உயரம் 191 செ.மீ. குட்டை என்று ஒதுக்கப்பட்டவர் நடத்திய பள்ளியிலிருந்து, ஒதுக்கிய அதே நிறுவனத்துக்கு அதன் உயரமான நாயகன் கிடைத்தான். அதே பள்ளியின் இன்னொரு மாணவர் தாய்ஜி இஷிமோரியின் உயரம் 163 செ.மீ. 2019 ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் நியூ ஜப்பானின் ஜூனியர் பட்டத்தை அவர் வென்றார். இருவரையும் ஒரே மேடையில் பழக்கிய பள்ளிக்கு உயர அளவுகோல் தேவைப்படவில்லை.

ஜப்பானிய நிறுவனங்கள் இன்றும் இளம் வீரர்களை மெக்சிகோவுக்கு அனுப்புகின்றன. ஹிரோமு தகஹாஷி, கமாயிட்டாச்சி என்ற முகமூடியோடு அங்கே மெக்சிகோ வீரர் டிராகன் லீயிடம் 2015 மார்ச்சில் முகமூடியை இழந்து, அந்தத் தோல்வியாலேயே பெயர் பெற்றார். டெட்சுயா நைட்டோ அதே ஆண்டு அங்கே லாஸ் இங்கொபெர்னாப்லெஸ் அணியில் சேர்ந்து, அதன் அலட்சியத் தோரணையை ஜப்பானுக்குக் கொண்டுவந்து, அதுவரை தன்னை ஏற்காத ரசிகர்களைத் தன் பக்கம் இழுத்தார். இவற்றை எழுதுபவர்கள் மெக்சிகோவை ஏதோ வந்து போகும் விடுதியாக எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. 2004 முதல் சி.எம்.எல்.எல்.லில் இருந்துகொண்டு, தோற்றுத் தலைமுடியை மழித்துக்கொள்ளும் போட்டிகளையும் ஆடி, ஜப்பானிலிருந்து வரும் இளையவர்களுக்குக் கூட்டாளியாக நிற்கும் ஒகுமுராவைப் பற்றி யார் நீளமாக எழுதுகிறார்கள்? மெக்சிகோவிலேயே தங்கியவர்களைத்தான் நான் முதலில் எண்ணுவேன். அந்த வரிசையில் ஹமாடாவுக்கு அடுத்து டிராகன் நிற்கிறார்.

நம்பாதவர்களுக்கு ஒரு போட்டியைச் சொல்கிறேன். 2006 மார்ச் 31, சிகாகோவை ஒட்டிய சிகாகோ ரிட்ஜ், ரிங் ஆஃப் ஹானர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் நிகழ்ச்சி. ஒரு பக்கம் டிராகன் கிட், ரியோ சைட்டோ, கென்கி ஹொரிகுச்சி. எதிர்ப்பக்கம் சீமா, நருகி டோய், மசாட்டோ யோஷினோ. மெக்சிகோவின் மூவர் அணிப் போட்டியை ஜப்பானிய வேகத்தில் ஆடினார்கள். அமெரிக்கக் கூட்டம் எழுந்து நின்று தொண்டை வறளக் கத்தியது. விமர்சகர் டேவ் மெல்ட்சர் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். ஆறு பேரும் டிராகனின் பள்ளியில் தேறியவர்கள். அவர் அன்று அந்த மேடையில் இல்லை. அதைப் பார்த்துவிட்டு வாருங்கள், பெல்ட்டுகளைப் பற்றிப் பிறகு பேசலாம்.