1989 நவம்பர் 23, வியாழக்கிழமை, மாலை ஏழு மணி

பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சியில் 1989 நவம்பர் 23 அன்று வந்த எபிசோடை நேற்று இரவு முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து பார்த்தேன். மொத்தமே அரை மணி நேரம்தான். இதற்கு முன் இருபது தடவையாவது இதைப் பார்த்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் புரிந்தது, நான் பார்த்ததெல்லாம் இரண்டே இரண்டு துண்டுகள். ஸ்டோன் ரோசஸ் குழு 'ஃபூல்ஸ் கோல்ட்' பாடுகிற துண்டு ஒன்று, ஹேப்பி மண்டேஸ் குழு 'ஹல்லேலூயா' பாடுகிற துண்டு ஒன்று. இணையத்தில் பகிரப்படுவதும் அவை மட்டும்தான்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பிரிட்டனில் அந்த வாரம் கடைகளில் எந்த சிங்கிள் (ஒற்றைப் பாட்டு இசைத்தட்டு) எவ்வளவு விற்றது என்று கணக்கெடுத்துத் தரவரிசை போடுவார்கள். ஞாயிறு மாலை வானொலியில் பட்டியல் வரும். வியாழக்கிழமை இந்த நிகழ்ச்சியில் பாடகர்கள் நேரில் வந்து நிற்பார்கள். பட்டியலில் ஏறுகிற பாட்டுக்குத்தான் இடம், இறங்குகிற பாட்டுக்குக் கிடையாது. கடைசியாக முதலிடப் பாடல். 1964 தொடங்கி 2006 வரை 42 ஆண்டுகள் இந்த நிகழ்ச்சி ஓடியது.

அந்த நவம்பர் இரவைப் பற்றி ஒரு கதை நிலைத்துவிட்டது. மான்செஸ்டர் பக்கத்துப் பையன்களின் இரண்டு குழுக்கள், தொளதொளப் பேன்ட்டோடு, ஒரே மாலையில் நாட்டின் வரவேற்பறைகளுக்குள் நுழைந்தன, மறுநாளிலிருந்து பிரிட்டிஷ் பாப் இசையே மாறிவிட்டது என்பது அந்தக் கதை. இசைப் பத்திரிகைகள் பல வருடங்களாக இதைச் சொல்கின்றன. நானும் நம்பினேன், நண்பர்களிடம் சொல்லியும் இருக்கிறேன்.

முழு எபிசோடைப் பார்த்தால் அந்தக் கதை அவ்வளவு நேராக இல்லை. இரண்டு குழுக்களும் வருகின்றன, பாடுகின்றன, போய்விடுகின்றன. அவர்களுக்கு முன்னும் பின்னும் அந்த வாரத்தின் சாதாரணப் பாட்டுகள். கூடத்தில் நிற்கும் பிள்ளைகள் எல்லாப் பாட்டுக்கும் ஒரே மாதிரிதான் கையை அசைக்கிறார்கள். வரலாறு நடக்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் முதலிடம் யாருக்கு? பாஸ்டனிலிருந்து வந்த நியூ கிட்ஸ் ஆன் தி பிளாக் குழுவுக்கு. மூன்று வாரம் அவர்கள்தான் உச்சியில் இருந்தார்கள். 'ஃபூல்ஸ் கோல்ட்' எட்டாவது இடத்தைத் தாண்டவே இல்லை. 'ஹல்லேலூயா' இருந்த இபி (சில பாட்டுகள் மட்டும் கொண்ட சிறிய இசைத்தட்டு) 19-ஆம் இடத்தோடு சரி.

எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. உண்மையில் பெரிய மகிழ்ச்சி. தரவரிசை நிகழ்ச்சிக்கென்று சொந்த ரசனை கிடையாது, அதுதான் அதன் பெருமை என்று நான் நினைக்கிறேன். பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தை சேர்த்து வைத்த காசில் வாங்கிய நியூ கிட்ஸ் இசைத்தட்டும், இருபது வயதுப் பையன் கிளப்பில் கேட்டுவிட்டு வாங்கிய ஸ்டோன் ரோசஸ் தட்டும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். இரண்டையும் ஒரே மேடையில் நிற்க வைத்தது அந்தக் கணக்கு. இன்று அந்தப் பையனின் தட்டை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தப் பெண் குழந்தையின் தட்டை வரலாற்றிலிருந்து தூக்கிவிடுகிறோம். இது எனக்கு அநியாயமாகப் படுகிறது. அந்த 1989-இல்தான் ஜைவ் பன்னி என்ற பெயரில் பழைய பாட்டுகளை ஒட்டுப்போட்டு விற்ற தட்டுகள் மூன்று முறை முதலிடம் பிடித்தன. அதையும் சேர்த்துப் பார்த்தால்தான், 'ஃபூல்ஸ் கோல்ட்' பாட்டின் அந்த ஊர்ந்து போகும் பேஸ் கிட்டார் அன்று எவ்வளவு விசித்திரமாகக் கேட்டிருக்கும் என்பது புரிகிறது. தனியாக வெட்டி எடுத்த துண்டில் அந்த விசித்திரம் போய்விடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதற்கு இரண்டே நாள் முன்பு, நவம்பர் 21 அன்று, ஸ்டோன் ரோசஸ் பிபிசியின் வேறொரு நிகழ்ச்சியில் நேரலையாக வாசித்தார்கள். சத்தம் அளவு மீறியதால் பாட்டு தொடங்கிய சிறிது நேரத்திலேயே மின்சாரம் நின்றுவிட்டது. தொகுப்பாளர் பேசிக்கொண்டிருக்க, பின்னால் குழுவின் பாடகர் இயன் பிரவுன் "அமெச்சூர்கள்" என்று கத்தினார். வியாழக்கிழமை அந்தப் பிரச்சினைக்கே இடமில்லை. அந்தக் காலத்தில் டாப் ஆஃப் தி பாப்ஸில் பெரும்பாலும் வாயசைப்புதான். நிஜமாகவே பாடுகிறோம் என்று நம்ப வைக்க இயன் பிரவுன் அதிகம் மெனக்கெடவில்லை, மைக்கைப் பிடித்துக்கொண்டு நம்மைப் பார்த்தபடி நிற்கிறார். அந்த நிற்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் நேற்று என் கண் நின்ற இடம் வேறு. ஹேப்பி மண்டேஸோடு ஒரு பெண் பாடுகிறார். குழுவின் பாடகர் ஷான் ரைடரையும், ஆடுவதையே குழுவில் தன் வேலையாக வைத்திருந்த பெஸ்ஸையும் பார்த்துக்கொண்டே இருந்ததில், இத்தனை வருடம் அவரை நான் சரியாகக் கவனிக்கவில்லை. அவர் பாடகி கர்ஸ்டி மக்கால். அந்தப் பாட்டின் புதிய கலவையை (ரீமிக்ஸ்) செய்த ஸ்டீவ் லில்லிவைட் அவருடைய கணவர், அந்த வழியில்தான் கர்ஸ்டி வந்தார். மேடைப் பயம் உள்ளவர் என்று எல்லோருக்கும் தெரியும்.

கர்ஸ்டியின் அப்பா ஈவன் மக்கால், புகழ்பெற்ற நாட்டுப்புறப் பாடகர், மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் பிறந்து வளர்ந்தவர். அந்த ஊரின் புகையையும் கால்வாயையும் பாட்டில் வைத்தவர். 1989 அக்டோபர் 22 அன்று இறந்துபோனார். இந்த எபிசோடுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு. கர்ஸ்டி அப்பாவோடு வளரவில்லை, அம்மாவோடு லண்டன் பக்கம் கிராய்டனில் வளர்ந்தார். ஹேப்பி மண்டேஸ் பையன்களின் ஊர் எது? அதே சால்ஃபோர்டுதான். அப்பா போய் ஒரு மாதத்தில், அப்பாவின் ஊர்ப் பையன்களுக்குப் பக்கத்தில் நின்று மகள் பாடுகிறார். அவர் மனதில் அன்று என்ன ஓடியது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் இந்தத் தேதிகள் மனதில் ஏறிய பிறகு என்னால் அவரைத் தவிர வேறு யாரையும் பார்க்க முடியவில்லை. அந்தப் பகுதியை மட்டும் மூன்று தடவை பார்த்தேன். 2000 டிசம்பரில் மெக்சிகோ கடலில் பிள்ளைகளோடு முக்குளித்துவிட்டு மேலே வந்தபோது படகு மோதி அவரும் போய்விட்டார். வயது 41.

நான் மான்செஸ்டரில் படித்தபோது ரஷ்ஹோமில் குடியிருந்தேன். வரிசையாகத் தெற்காசிய உணவகங்கள் இருக்கும் வில்ம்ஸ்லோ சாலையிலிருந்து டிக்கன்சன் சாலை பிரியும். தினமும் அந்த முனையைத் தாண்டித்தான் போவேன். டாப் ஆஃப் தி பாப்ஸ் பிறந்தது அந்தச் சாலையில்தான், ஸ்டுடியோவாக மாற்றிய ஒரு பழைய தேவாலயத்தில், 1964 ஜனவரி 1 அன்று. ஆறு வாரம் ஓட்டிப் பார்க்கலாம் என்றுதான் தொடங்கினார்கள். இதெல்லாம் ஊரை விட்டு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கட்டடமும் இப்போது இல்லை, அந்த முதல் எபிசோடும் இல்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் பாடினார்கள், பீட்டில்ஸ் முதலிடத்தில் இருந்தார்கள், ஆனால் பார்க்க முடியாது. ஒளிநாடா விலை அதிகம் என்று பழையதை அழித்துவிட்டு அதன் மேலேயே புதியதைப் பதிந்தார்கள். அறுபதுகளில் முழுதாக மிஞ்சியவை விரல் விட்டு எண்ணக்கூடியவைதான். அந்த முதல் எபிசோடைத் தொகுத்த ஜிம்மி சவிலின் பாலியல் குற்றங்கள் 2012-இல் வெளிவந்த பிறகு, அவர் தொகுத்தவற்றை பிபிசி மறுஒளிபரப்பு செய்வதில்லை. அது சரியான முடிவு. ஆனால் ஒளிபரப்பாமல் இருப்பது வேறு, அழிப்பது வேறு.

"அந்த இரண்டு பாட்டு போதாதா, மற்ற குப்பைக்கு எதற்கு நேரம்?" என்று ஒரு நண்பர் கேட்டார். குப்பை எது என்பதை முன்னாலேயே முடிவு செய்துதான் அந்த நாடாக்களை அழித்தார்கள். அன்று அழித்தவர்களுக்கு அது வெறும் பாப் நிகழ்ச்சி. நாம் நாடாவை அழிப்பதில்லை, ஆனால் நல்லதை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு மீதியைத் தேட ஆளில்லாமல் செய்கிறோம். 2011 முதல் பிபிசி ஃபோர், 1976-இல் தொடங்கி வாரம் வாரமாக முழு எபிசோடுகளைப் போட்டு வந்தது. பொதுப் பணத்தில் நடக்கும் ஒரு தொலைக்காட்சி செய்யக்கூடிய மிக நல்ல வேலைகளில் ஒன்று என்று இதைச் சொல்வேன்.

இன்று இரவு 1989 டிசம்பருக்குப் போகிறேன். ஜைவ் பன்னி மறுபடி முதலிடத்துக்கு வரும் வாரம் அது. தாண்டாமல் பார்ப்பேன்.