கிளாரிட்டி 60

போன வருடம் மாசியில் முகநூலில் ஒரு படம் போட்டேன். சிலருக்கு நினைவிருக்கும். யாழ்ப்பாணம் பாசையூர்க் கரையில், விடியற்புறம், வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருக்கும் ஒரு ஐயா. கறுப்பு வெள்ளைப் படம், நெற்றியில் உழுத வயல் மாதிரி சுருக்கங்கள். போதாததற்கு ‘உழைப்பின் ரேகைகள்’ என்று தலைப்பு வேறு. 1,100 லைக் வந்தது. இந்தக் கமராவோடு ஏழு வருடமாகத் திரிகிறேன், அவ்வளவு லைக் அந்த ஒரு படத்துக்குத்தான்.

அந்தப் படத்தை இப்போது என் பக்கத்தில் தேடினால் கிடைக்காது. ஏன் நீக்கினேன் என்று உள்பெட்டியில் கேட்டவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

எங்கள் ஊர் வெளிச்சத்தோடு மாரடித்தவர்களுக்குத் தெரியும், அது லேசில் வசப்படாது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் மத்தியானம் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அந்த நேரத்தில் ஆளை எடுத்தால் கண் இரண்டும் குழிக்குள் போய்விடும், மூக்குக்குக் கீழே நிழல் மீசை வைத்துவிடும். சரி, மாலையில் எடுப்போம் என்று பண்ணைப் பாலத்துக்குப் போனால், அங்கே சூரியன் சாய்ந்து போவதில்லை, நெட்டுக்குத்தாக விழுகிறது. மறைந்து 25 நிமிடத்துக்குள் இருட்டிவிடும். சிறகு வலைக் கம்புகளுக்குப் பின்னால் வானம் சிவந்து நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் பாதி, ட்ரைபாட் காலைத் திருகி முடிக்கப் போய்விடும். வெளிநாட்டுக்காரர்கள் யூடியூபில் ‘ஒரு மணி நேரம் ஆறுதலாக எடுங்கள்’ என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

அதனால்தான் நாங்கள் எல்லாரும் வீட்டுக்கு வந்து கணினியில் குந்துகிறோம். ரோ கோப்பாக, அதாவது கமரா பார்த்ததை அப்படியே வைக்கும் கோப்பாக எடுத்தால், இருட்டுக்குள் மறைந்ததையும் ஓரளவு மீட்கலாம். கமரா சுருக்கித் தரும் ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 வெளிச்சப் படிகள்தான், 14 பிட் ரோவில் 16,384. அந்த வித்தியாசத்தில்தான் எங்கள் வித்தை முழுக்க இருக்கிறது. எடிட்டிங் என்றால் ஏமாற்று என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. கமராவே ஜேபெக் ஆக்கும்போது தன் பாட்டுக்கு எடிட் பண்ணித்தான் தருகிறது. அதை அது செய்யலாம், நான் செய்யக்கூடாதா?

ஆனால் அந்த ஐயாவின் முகத்துக்கு நான் செய்தது வேறு.

லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் கிளாரிட்டி என்று ஒரு கோடு இருக்கிறது. அதை வலப்பக்கம் இழுத்தால் நடுத்தர வெளிச்சப் பகுதிகளில் சின்னச் சின்ன விளிம்புகள் எல்லாம் தூக்கிக் காட்டும். கல்லுக்கும் பனையின் செதிலுக்கும் அது அருமை. கோட்டை மதிலை எடுத்தால் நானும் இழுப்பேன். முகத்தில் இழுத்தால் ஒரு சுருக்கம் மூன்றாகும், கன்னம் ஒட்டும், கண்ணுக்குக் கீழே கருவளையம் விழும். நான் 100க்கு 60 வரை இழுத்தேன். பிறகு நிறத்தை எடுத்தேன். பிறகு முகத்தைச் சுற்றி இருட்டாக்கினேன். உண்மையில் அன்று காலை அந்த மனுசன் நீலச் சேட் போட்டிருந்தார், பக்கத்தில் நின்றவரோடு எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் 40 படம் எடுத்தேன். சிரிக்காத ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டேன்.

படம் ஷேர் ஆகி ஆகிக் கனடா போய்ச் சேர்ந்தது. அங்கே அவருடைய மகள் இருக்கிறா.

இரண்டு கிழமை கழித்துத் திரும்ப அந்தக் கரைக்குப் போனேன். ஐயா என்னைக் கண்டுபிடித்துவிட்டார். சண்டைக்கு வரவில்லை. வலையைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்டார்.

“தம்பி, நீர்தானே என்னைப் படம் எடுத்த ஆள்?”

ஓம் என்றேன்.

“பிள்ளை ராவிலை எடுத்து அழுகிறாள். ‘அப்பா, உங்களுக்கு என்ன வருத்தம், ஏன் எனக்கு மறைக்கிறியள்’ எண்டு. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. போனிலை படத்தைக் காட்டினவங்கள், பாத்தன். செத்தவீட்டுக்கு அடிச்ச நோட்டீஸ் மாதிரிக் கிடக்கு.”

எனக்கு வாய் வரவில்லை. 1,100 பேர் ‘அருமை’, ‘உயிரோட்டம்’ என்று எழுதிய படத்துக்குச் சரியான விமர்சனம் அதுதான்.

வீட்டுக்கு வந்து அம்மாவின் அல்பத்தை எடுத்துப் பார்த்தேன். அல்பம் என்று சொல்வது கூடுதல். 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குள் வலிகாமமே கிளம்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது அம்மா துணிப் பைக்குள் வைத்து எடுத்துப் போன ஐந்து படங்கள். மற்றதெல்லாம் வீட்டோடு போயிற்று. இந்த ஊரில் எத்தனையோ வீட்டில் தாத்தாவின் முகம் எப்படி இருந்தது என்று காட்ட ஒரு படமும் இல்லை. அந்த ஐந்தில் ஒன்று அப்பப்பாவின் ஸ்டூடியோப் படம். தலை வாரி, பட்டன் பூட்டி, மடியில் கை வைத்து நேராக இருக்கிறார். முகத்தில் ஒரு கோடு இல்லை. அந்தக் காலத்தில் நெகட்டிவிலேயே கூர்ப் பென்சிலால் மெல்ல மெல்லத் தொட்டுச் சுருக்கத்தை மறைப்பார்கள். சின்ன வயதில் அதைப் பார்த்துப் ‘பொய்ப் படம்’ என்று சிரித்திருக்கிறேன்.

இப்போது யோசித்தால், அந்த ஸ்டூடியோக்காரரும் நானும் செய்வது ஒரே வேலை, ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறோம். அவர் கதிரையில் இருப்பவருக்காகத் திருத்தினார். காசு கொடுத்தவர் அவர், படத்தைச் சுவரில் மாட்டப் போகிறவரும் அவர். நான் எங்கேயோ இருந்து விரலால் தள்ளிப் பார்ப்பவனுக்காகத் திருத்துகிறேன். அவனுக்குக் கிழவனும் சுருக்கமும் வறுமையும் வேண்டும். கொடுத்தேன்.

1982 பெப்ரவரியில் நேஷனல் ஜியோகிராஃபிக் அட்டைக்காகக் கணினியில் பிரமிட்டுகளை நெருக்கி வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். எடிட்டிங் விவாதம் எங்கே நடந்தாலும் அந்தக் கதையை யாராவது இழுப்பார்கள். இழுக்கட்டும். ஆனால் பிரமிட்டுக்குக் கனடாவில் மகள் இல்லை.

நல்லூர்த் திருவிழாவிலும் இதைத்தான் பார்க்கிறேன். தேரன்று வீதியில் உருண்டு பிரதட்டை பண்ணுகிறவரின் முகத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கமராவைப் பிடிக்கிறார்கள். அவர் நேர்ந்துகொண்டது முருகனுக்கு, எங்கள் பக்கத்துக்கு அல்ல. தூக்குக்காவடிப் படம் போட்டிக்கு நல்லதுதான், ஒப்புக்கொள்கிறேன், நானும் அனுப்பியிருக்கிறேன். பரிசு கிடைக்கவில்லை, அது வேறு கதை.

ஐயாவிடம் வேறு படம் எடுத்துத் தருவதாகச் சொன்னேன். ‘ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வாரும்’ என்றார். போனால், அயர்ன் பண்ணிய வெள்ளைச் சேட்டும் புதுச் சாரமுமாக நிற்கிறார். வள்ளத்துக்கு முன்னால்தான் எடுக்க வேண்டும், வள்ளத்தின் நம்பர் தெரிய வேண்டும் என்பது கட்டளை. வெயில் ஏறியிருந்தது. கண்ணுக்குக் கீழே நிழல் விழாமல் இருக்க, வெள்ளைத் தெர்மோகோல் மட்டை ஒன்றை அவருடைய பேரனிடம் கொடுத்துக் கீழே பிடிக்கச் சொன்னேன். கிளாரிட்டி பூச்சியம். நிழலைக் கொஞ்சம் தூக்கினேன், வேறொன்றும் தொடவில்லை.

முகநூலுக்குப் போடுவதென்றால் அகலப் பக்கம் 2,048 பிக்சல் போதும். 8க்கு 12 அங்குலத்தில் பிரின்ட் அடிக்க 2,400க்கு 3,600 வேண்டும். திரையில் வெளிச்சமாகத் தெரிவது கடதாசியில் கொஞ்சம் இருண்டு வரும், அதனால் முதல் பிரின்ட் பிழைத்துப் போனது. ஏழு வருடத்தில் நான் பிரின்ட் எடுத்துக் கொடுத்த முதல் ஆள் அவர் என்று கடையில் நிற்கும்போதுதான் உறைத்தது.

இரண்டாவது பிரின்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையைச் சாரத்தில் இரண்டு தரம் துடைத்துவிட்டு வாங்கினார். கனநேரம் பார்த்தார். “நம்பர் வடிவாத் தெரியுது” என்றார்.

போடலாமா என்று கேட்டதற்கு, மகள் போடட்டும் என்றார். அவவின் பக்கத்தில் இருக்கிறது. நேற்றுப் பார்த்தபோது 43 லைக். மூலையில் என் பெயரைப் பெரிதாகப் போடுகிற ஆள் நான். அந்தப் படத்தில் போடவில்லை.