போதும்ங்கிற மனசு யாருக்கு?

நம்ம சபைகள்ல "போதுமென்கிற மனம்" பத்தி பிரசங்கம் வந்தாலே எனக்கு கடுப்பாகுது. வசனத்து மேல இல்ல, அது யார பாத்து சொல்லப்படுதுங்கிறதுல தான். சம்பளம் கூட்டிக் கேக்குற ஸ்கூல் ஆயாவுக்கு 1 தீமோத்தேயு 6:8 சொல்லுவாங்க, உண்ண உடுக்க இருந்தா போதும்னு. மூணாவது பிளாட் வாங்குனவருக்கோ மைக் குடுத்து சாட்சி சொல்ல விடுவாங்க, ரெஜிஸ்டர் பண்றதுக்கு முன்னாடியே யோசுவா 1:3 (உங்க காலடி மிதிக்கிற இடத்தையெல்லாம் உங்களுக்குக் குடுத்தேன்ங்கிற வசனம்) சொல்லிக்கிட்டு அந்த இடத்த சுத்தி நடந்தாராம், எல்லாரும் கைதட்டுவாங்க. அதே 6ம் அதிகாரம் 17, 18ல ஐசுவரியவான்களுக்குன்னே தனியா எழுதியிருக்கே, தாராளமா குடுங்கன்னு, அத எப்ப கடைசியா கேட்டோம்?

ஆகாப் ராஜா கதைய எடுத்துக்கோங்க (1 இராஜாக்கள் 21). அரண்மனையே இருக்கு, ஆனா பக்கத்துல நாபோத்தோட திராட்சத்தோட்டம் வேணுமாம். எதுக்கு? கீரைக்கொல்லை போட! கிடைக்கலன்னதும் மூஞ்சிய திருப்பிக்கிட்டு சாப்பிடாம கட்டில்ல படுத்துட்டாரு. அப்புறம் அவர் பொண்டாட்டி யேசபேல், ராஜா பேர்ல லெட்டர் எழுதி, ஊர்ல உபவாசம் கூறச் சொல்லி, நாபோத்த எல்லாருக்கும் முன்னாடி உக்கார வச்சு, ரெண்டு பொய் சாட்சிய விட்டு கல்லெறிஞ்சு கொல்ல வச்சா. அந்த உபவாசத்த கவனிங்க, நிலத்த பிடுங்கவும் முதல்ல ஒரு ஜெபக்கூட்டம் தேவைப்பட்டிருக்கு.

இதுல போதும்னு இருந்தவன் நாபோத்து தான். வேற நல்ல தோட்டம் தரேன், பணம் வேணும்னாலும் தரேன்னு சொல்லியும் அவனுக்கு ஆச வரல. ஆனா போதும்னு இருக்கிறவன் வாய மூடிக்கிட்டு குடுத்துடணும்னும் இல்ல, இது பிதாக்களோட சுதந்தரம் (அதாவது முன்னோர் விட்டுப்போன சொத்து), தரமாட்டேன்னு ராஜா மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டான். இந்தப் பாதிய யாரும் பிரசங்கிக்க மாட்டேங்குறாங்க.

ஏழைக்கு பொருளாசையே வராதுன்னு சொல்லல. எலிசா தீர்க்கதரிசியோட வேலக்காரன் கேயாசி, எலிசாவால குஷ்டம் தீர்ந்த நாகமான் பின்னாடி ஓடிப்போய் பொய் சொல்லி வெள்ளியும் துணியும் வாங்குனானே, கடைசியில குஷ்டம் தான் மிச்சம். பவுலும் மனரம்மியமா (உள்ளதே போதும்னு) இருக்க கத்துக்கிட்டேன்னு எழுதுனது காவல்ல இருந்துட்டு தான், ஆனா அது தன்னப் பத்தி சொன்னது. பட்டினி கிடக்குற அடுத்தவன பாத்து சொல்லல, அதோட பிலிப்பி சபை அனுப்புன உதவிய வாங்கிக்கிட்டு நன்றியும் சொன்னாரு.

அதனால ஒண்ணு கேக்குறேன், அடுத்த வாட்டி கமிட்டியில சம்பளப் பேச்சு வரும்போது யாராச்சும் எந்திரிச்சு யாக்கோபு 5:4ஐ சத்தமா வாசிங்க, பிடிச்சு வச்ச கூலி கூக்குரலிடுதுங்கிற வசனம். ஆமென் எத்தன பேர் சொல்றாங்கன்னு பாப்போம்.